அண்ணாச்சி வண்டியின் முன்சீட்டு

டிரைவர் தொழிலில் ரோட்டைப் பார்ப்பது பாதி வேலை. யார் எந்தக் கதவைத் திறந்து ஏறுகிறார்கள் என்று பார்ப்பது மீதி வேலை. ஸ்டியரிங் பிடித்தவர்கள் யாராக இருந்தாலும் இதற்குத் தலையாட்டுவீர்கள். "இந்தா வந்துட்டேன்" என்று உள்ளே போன முதலாளி சாப்பிட்டு, தூங்கி, எழுந்து வரும்வரை வெயிலில் வண்டிக்குள் வெந்து கிடந்தவர்களுக்கு நான் புதிதாக என்னத்தைச் சொல்ல? நீங்கள் மில் முதலாளியிடம் வெந்திருப்பீர்கள், டாக்டரிடம் வெந்திருப்பீர்கள். நான் ஒரு கட்சித் தலைவரிடம் வெந்தேன். ராஜபாளையத்தில், எண்பதுகளில் ஆரம்பித்துத் தொண்ணூறுகள் வரைக்கும், ஒரு வெள்ளை அம்பாசடரில். என் பெயர் காதர். ஊருக்கு நான் பாய்.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எதைச் சொன்னாலும் பொருந்தும்.

முன்சீட்டும் பின்சீட்டும்

எங்கள் பக்கம் காரில் மரியாதையான இடம் முன்சீட்டுதான். பெரிய ஆள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கதவு மேல் முழங்கையைப் போட்டு, கடைவீதியில் கும்பிடுகிறவனுக்கெல்லாம் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் எவனுக்குத் தெரியும்? அது பெண்டு பிள்ளைகளுக்கும் மூட்டை முடிச்சுக்கும். எங்கள் தலைவரை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் வண்டியில் இல்லாத நேரத்தில்கூட அந்த முன்சீட்டில் ஒரு ஈ காக்கா உட்காராது.

அவருக்கு நேர் பின்னால் காளிமுத்து. வெந்நீர் பிளாஸ்க், மாத்திரை டப்பா, மாற்றுத் துண்டு எல்லாம் அவர் மடியில். அண்ணாச்சி மேடையில் என்ன பேசவேண்டும் என்பதையும் போகிற வழியிலேயே பின்னாலிருந்து காதில் ஓதிவிடுவார். அண்ணாச்சி அதை மேடையில் முழங்குவார். முக்கியமான முழக்கம் எதிர்க்கட்சிக்காரன் வீட்டு வாரிசு மேல்தான். "அப்பனுக்குப் பொறவு மகன், மகனுக்குப் பொறவு பேரன்னா அதுக்குப் பேரு கட்சியாய்யா?" என்று அவர் கேட்டால் விசில் பறக்கும். சொல்லிக் கொடுத்தது யார் என்று பின்சீட்டில் இருந்தவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாளைக் கும்பிட வந்த கூட்டத்துக்குக் கட்சி சார்பில் அடிவாரத்தில் சாப்பாட்டுப் பந்தல். அண்ணாச்சிக்கு அன்றைக்கு நல்ல மனசு. தன் கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றிக் காளிமுத்து கழுத்தில் போட்டார். காளிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"எனக்குப் பொறவு இந்த முன்சீட்டு காளிமுத்துக்குத்தான். எம் மவனுக்குக் கெடயாது. எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க, காதரு சாட்சி!"

பேச்சியம்மாவின் வேண்டுதல்

காளிமுத்து ஒரு காலத்தில் நூல் மில்லில் நிரந்தர வேலையில் இருந்த மனுசன். அண்ணாச்சி கூப்பிட்டார் என்று அதை விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வீட்டை ஓட்டியது அவர் பெண்டாட்டி பேச்சியம்மா, பஞ்சுப் பொதி பிரிக்கிற கூலி வேலைக்குப் போய். மகன் முருகேசன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பான். ஊரில் எத்தனையோ பேருக்கு மின்சார வாரியத்திலும் பஸ் கம்பெனியிலும் வேலை வாங்கிக் கொடுத்த காளிமுத்து, சொந்த மகனுக்கு வாயைத் திறந்து கேட்கவில்லை. முன்சீட்டுக்கு வந்த பிறகு கௌரவமாகச் செய்துகொள்ளலாம் என்று நினைப்பு.

காலையில் அவரைக் கூப்பிடப் போனால் எனக்குக் காப்பி வரும், கூடவே பேச்சியம்மாவின் வயிற்றெரிச்சலும் வரும். ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்த நேரம், தம்ளரை என் கையில் வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது:

"அந்த சீட்டுல இவுக உக்காந்தாத்தான் எம் மவனுக்கு வேலை. இவுக உக்காரணும்னா அண்ணாச்சி சாகணும். நான் வெளக்கேத்திச் சாமி கும்பிடுதப்ப என்னன்னு வேண்டிக்கிடட்டும், சொல்லுங்க பாய் அண்ணே."

உருமாக் கட்டு

அண்ணாச்சி ஒருநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஊரே கடையடைத்தது. நான் அழுதேன், சோறு போட்ட மனுசன். காளிமுத்து தரையில் புரண்டு அழுதார். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருந்த மகன் கூலிங் கிளாஸோடு வந்து இறங்கினார். பாடை மேல் கட்சிக் கொடியைப் போர்த்தும்போது "டிரைவர், இதுல எந்தக் கலர் மேல வரும்ங்க?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். பாவம், அவர் என்ன செய்வார். அப்பாவை அவர் பொங்கலுக்குத்தான் பார்ப்பார்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் மூத்த மகனுக்குத் தாய்மாமன் உருமா கட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். தலையில் துணியைச் சுற்றி, இனி இந்த வீட்டுக்கு நீதான் பொறுப்பு என்று சொல்லாமல் சொல்வது. ஆனால் அன்றைக்கு முற்றம் பூராவும் கட்சிக்காரர்கள். மாமன் கடைசிச் சுற்றைச் சுற்றிச் செருகியதுதான் தாமதம், எவனோ ஒருவன் "வருங்காலத் தலைவர் வாழ்க!" என்று கத்தினான். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். துக்க வீட்டில் வெடி போட்டார்கள் ஐயா, வெடி! மாவட்டத்திலிருந்து வந்த பெரிய நிர்வாகி ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டே மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கட்சியே அந்த வீட்டுச் சடங்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் பதறிப்போய்க் காளிமுத்துவைத் தேடினேன். அவர் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"அது வீட்டு உருமா பாய். கட்சியில உருமா கெடயாது. கட்சிக்கு நாலு பேரு கூடி முன்மொழிஞ்சுதான் எடுப்பாவ."

மாலை விழுந்த கழுத்து

அடுத்த வாரம், அண்ணாச்சி இறப்புக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்ல ஊர் ஊராக ஒரு சுற்று. மகனை இப்போது சின்ன அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நான் மரியாதையாக முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கோயம்புத்தூரில் முதலாளிமார் பின்னால்தான் உட்காருவார்களாம். கூடவே அவர் மச்சானும் மாவட்ட நிர்வாகியும் ஏறினார்கள். பின்சீட்டு நிறைந்துவிட்டது. காளிமுத்து பிளாஸ்கும் கையுமாக வெளியே நின்றார். "முன்னாடி ஏறுங்க, நேரமாச்சு" என்றார் சின்ன அண்ணாச்சி. காளிமுத்து ஏறி, சீட்டு நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார்.

அய்யனார் கோவில் போகிற ரோட்டில் முதல் ஊர். மேளம், வெடி, சனம். அத்தனை வருசமாக அவர்களுக்குப் பழகினது முன்ஜன்னல். நேரே அங்கே வந்தார்கள், காளிமுத்து கழுத்தில் மாலையைப் போட்டார்கள். அவர் பதறிப்போய்க் கையைப் பின்பக்கம் காட்டுகிறார், கத்துகிறார். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கிறது? ஒரு பெரிய மனுசர் உள்ளே குனிந்து, "சரியான ஆளத்தான் வச்சிருக்காவ. அண்ணாச்சி சொன்ன சொல்லு தவறல" என்று காளிமுத்து கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் மூன்று பேரும் தூசியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த ஊரிலும் இதே கூத்து. அதற்கடுத்த ஊரில் காளிமுத்து கத்துவதை விட்டுவிட்டார். செண்பகத்தோப்புப் பக்கம் போகும்போது நான் திரும்பிப் பார்க்கிறேன், மனுசன் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கதவு மேல் முழங்கையைப் போட்டிருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பின்சீட்டை நினைத்தால் பயமாகவும் இருந்தது. ராஜபாளையம் திரும்பி வண்டி நின்றதும் சின்ன அண்ணாச்சி கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ரொம்பத் தன்மையாக என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க டிரைவர், உங்கூர்ல எந்த சீட்டுல உக்காந்தா மாலை போடுவாங்க?"

பஞ்சு மார்க்கெட் பஸ் ஸ்டாப்

மறுநாள் சின்ன அண்ணாச்சியே முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். காளிமுத்து வழக்கம்போல வெந்நீரோடு வந்தார். மச்சான்காரர் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, "நீங்க பஸ்ல வந்துருங்க பெரியவரே, வயசான காலத்துல இந்த நெரிசல் எதுக்கு?" என்றார். பின்சீட்டில் அவர் ஒருத்தர்தான் இருந்தார், என்ன நெரிசலோ!

அதற்குப் பிறகு காளிமுத்து எந்தக் கூட்டத்துக்கும் டவுன் பஸ்ஸில்தான் போனார். அவர் போய்ச் சேரும்போது நாற்காலிகளை மடித்துக்கொண்டிருப்பார்கள். போகாமலாவது இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. பஞ்சு மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் துவைத்த வேட்டியோடு நிற்பார். வண்டியைப் பார்த்ததும் கும்பிடுவார். யாரைக் கும்பிடுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. வண்டியை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை, அடிமனசில் அந்த மச்சானை நாலு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு கியரை மாற்றுவேன். ஒருநாள் வண்டி தாண்டின பிறகும் சைடு கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சின்ன அண்ணாச்சிக்கு இதெல்லாம் கண்ணில் படும்.

"கண்ணாடியப் பாத்து ஓட்டுனா ஆக்சிடென்ட் ஆயிருமுங்க. முன்னாடி இருக்குறவங்களப் பாத்து ஓட்டுங்க."

முன்மொழிய ஒரு ஆள்

உருமா கட்டினால் மட்டும் போதாது, கட்சிப் பதவிக்குக் கூட்டம் போட்டு முறைப்படி எடுக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பேப்பரில் வாரிசு, வாரிசு என்று எழுதுகிறானாம். அதனால் பழைய தொண்டன் ஒருத்தன் முன்மொழிந்தால் பார்க்க நன்றாக இருக்கும். யார் இருக்கிறார் அப்படி? காளிமுத்து வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள்.

வண்டி வாசலில் நின்றதும் பேச்சியம்மா ஓடிவந்தாள். காளிமுத்து பெட்டியில் மடித்து வைத்திருந்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டார். நேற்று வரைக்கும் பஸ்ஸில் வா என்றவர்கள் இன்றைக்குக் கார் அனுப்பினால் மனுசன் என்னவென்று நினைப்பான்? "அண்ணாச்சி சொல்லு வீண் போகுமா" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஏறினதும் என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணே, உங்கள எடுக்கக் கூப்பிடல. அவரு பேர முன்மொழியத்தான் கூப்பிடுதாவ" என்று சொல்லிவிட்டேன். அவர் புது வேட்டியின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். "வண்டியத் திருப்பட்டுமா?" என்றேன். "வேண்டாம் பாய், போங்க" என்றார்.

கல்யாண மண்டபம் நிறைந்த கூட்டம். காளிமுத்துவை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். மலையடிவாரத்தில் அண்ணாச்சி சொன்னதைக் காதால் கேட்டவர்கள் முன்வரிசையிலேயே பாதிப் பேர். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கதவோரம் நின்று, கேளுங்கண்ணே, கேட்டுருங்க, நான் சாட்சிக்கு வாரேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு வார்த்தை போதும். காளிமுத்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி எங்கிட்ட ஒண்ணு சொன்னாவ" என்று ஆரம்பித்தார். மாவட்ட நிர்வாகியின் முகம் வெளுத்தது. "கட்சியப் பாத்துக்கன்னு சொன்னாவ" என்று முடித்துவிட்டு, அண்ணாச்சி மகன் பெயரை முன்மொழிந்துவிட்டு அழுதார். அண்ணாச்சி நினைவில் அழுகிறார் என்று கூட்டம் கைதட்டியது. கீழே இறங்கினதும் சின்ன அண்ணாச்சி அவர் முதுகில் தட்டி, "இனிமே நீங்க வண்டியிலயே வந்துருங்க" என்றார்.

சின்ன அண்ணாச்சியை வேறு காரில் ஊர்வலமாகக் கூட்டிப் போய்விட்டார்கள். திரும்பும்போது என் வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். "முன்னால வாங்கண்ணே, யாரு இருக்கா பாக்க?" என்றேன். காது கேட்காத மாதிரி பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு மைல் வண்டியை விரட்டினேன். ஏன்யா கேட்கவில்லை என்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிற பஸ் ஒன்று எதிரே கடந்து போனது. அப்போது பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். திட்டப் போகிறார், அல்லது அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"பாய், நீங்க அவியகூடத் தெனமும் வண்டியில போற ஆளு. எனக்குப் பொறவு இந்தப் பின்சீட்டுக்கு எம் மவன் முருகேசனச் சொல்லி வைங்க, வேற எவனும் முந்திக்கிடப் புடாது."

முன்சீட்டை மகனுக்குக் கொடுக்கிறவரைத் திட்டுவதற்கு எங்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பின்சீட்டைத் தன் மகனுக்குக் கேட்டு வாங்குகிறவர்களும் அதே ஆயிரம் பேர்தான்.