துரையின் தொட்டி மேல் ஒரு பச்சைக் கம்பளி

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

குன்னூரில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் ரிசப்ஷனில் பல வருடங்களாக இருந்தவர். பெயர் தெரியாதவர்களுக்கும் "மீன் தொட்டி அக்கா" என்றால் தெரியும்.

ரிசப்ஷன் மேசை அருகே இருக்கும் தொட்டியில் ஒரே மீன். ஆஸ்கார்... அமேசான் பக்கத்து இனம். வந்தபோது விரல் நீளம், இப்போது ஒரு சாணைத் தாண்டிவிட்டது. வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கிவிடும்.

பல் பிடுங்க வந்த எஸ்டேட்காரர் ஒருவர், "மொறைக்கறதப் பாருங்க, எங்க பழைய தொரையாட்டவே" என்றார். அன்றிலிருந்து அது துரை.

தனியாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, அக்கா லீவில் இருந்த ஒரு நாள், நாங்கள் மூன்று கோல்டு ஃபிஷ் வாங்கி உள்ளே விட்டோம். மறுநாள் காலை துரை மட்டும்தான் இருந்தது.

"நீங்க தொணைக்குன்னு உட்டீங்க. அது டிபன்னு நெனச்சிருச்சு" என்றார் அக்கா.

அதன்பிறகு யாராவது வரன் பேச்சை எடுத்தால் அக்கா தொட்டியைக் காட்டுவார். "நானும் அந்த ரகந்தானுங்க. கூட உட்டா முழுங்கிப்போடுவேன்."

கண்ணாடியில் விரல் வைத்தால் துரை அக்காவிடம் மட்டும் வரும். கோபம் வந்தால் பக்கவாட்டில் சாய்ந்து, செத்ததுபோல் கிடக்கும். "நடிக்கறான்" என்பார்.

எங்கள் ஊர்க் குளிர் அதற்கு ஆகாது. ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

முந்தாநாள் மழையில் மரம் விழுந்து கரண்ட் போனது. அக்கா சுடுதண்ணீர் பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிட்டார். காற்று மோட்டாரும் நின்றுவிட்டதால் மக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். நேற்று தன் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிப் போர்த்திவிட்டுப் போனார்.

காலையில் அவர் வீட்டில், அக்காவின் அண்ணி என்னிடம் வந்தார். "ஏங்கண்ணு, அவ பச்சைக் கம்பளியக் காணமே... எப்பவும் அதத்தான் போத்துவா. அதையே போத்தி உட்றலாம்னு பாத்தேன்."

எங்கே இருக்கிறது என்று சொன்னேன்.

அண்ணி கேட்டார், "கரண்ட் வந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப அங்கயே கெடக்கட்டும்."

அக்காவுக்கு ஒரு வெள்ளை பெட்ஷீட்.

அடக்கம் முடிந்து கிளினிக்குக்குப் போனேன். கம்பளியை விலக்கிப் பார்த்தேன். துரை சாய்ந்து கிடக்கிறது. விரல் வைத்தேன், வரவில்லை. நடிப்பா, தெரியவில்லை... செவுள் மட்டும் அசைகிறது.

பாட்டில் தண்ணீரை மாற்றிவிட்டேன் அக்கா. போய் வாருங்கள்.