கட்டியைச் சுற்றி இருந்த சதை

என் மனைவியின் இடது மார்பில் வந்த கட்டி கல்லு மாதிரி இருந்தது. அந்தக் கெட்டித்தனத்தில்தான் அவளுக்கு நிம்மதி.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்யவேண்டும், சுற்றியுள்ள சதையையும் சேர்த்து எடுக்கவேண்டும் என்றார்கள். இவள் மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

"அது பாட்டுக்கு ஒரே எடத்துல உக்காந்துக்கினு இருக்குது. சுத்தி சதை இறுகிப்போயி வேலி மாதிரி புடிச்சி வெச்சிருக்குது. வேலிய வெட்டினா உள்ள இருக்கிறது சும்மா இருக்குமா?"

எங்கள் தெருவில் வைத்தியம் சொல்லாத வாய் கிடையாது. கத்தி பட்டால் பரவிவிடும் என்று பால் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி சொன்னாள், கோயில் பிரகாரத்தில் இன்னொருத்தி சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைக் கரைக்கு நூல் கோத்த நாடாவைத் தள்ளிக் கொடுப்பவள் அவள். அவள் இல்லாமல் போனால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அந்தப் பயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சோற்றில் உப்பு இல்லை என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

கடைசியில், "மாட்டேன்னா அதை ஆபரேஷன் செய்யற டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துடு" என்றேன். அதற்காகத்தான் கிளம்பி வந்தாள்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுகூட இருக்காது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ வேலிக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, மேஜையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்தார். இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தார். கலைந்து கிடந்த இழைகள் ஒரே பக்கமாக நேராகின.

"நல்ல சதையில நாருங்க இப்படிக் கலைஞ்சு கிடக்கும்மா. புத்துநோய் செல்லு பக்கத்துல இருக்கிற நாரைப் புடிச்சு இழுக்கும். இழுக்க இழுக்க அது விறைச்சு நேராயிடும். அப்புறம் அதைப் புடிச்சுக்கிட்டே வெளிய நடந்து போயிடும். நீங்க வேலின்னு நினைக்கிறதுதான் அதுக்கு ரோடு."

அவள் நேராக நின்ற இழையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு டாக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "தறியில பாவு நூலு தொய்வா இருந்தா நாடா மாட்டிக்கினு நிக்கும். விறைப்பா இழுத்துக் கட்டினாதான் ஓடும். அப்டிதானே?"

தலையாட்டினேன். தறி தெரிந்த எவனும் அதை மறுக்க முடியாது.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் சதைதானே அது? என் சதையே அதுக்கு ரோடு போட்டுக் குடுத்துச்சா?"

டாக்டரம்மா பஞ்சைக் கீழே வைத்தார். "சதைக்கு அது தெரியாதும்மா. காயம் பட்டா உடம்பு நாரைக் கொண்டாந்து போட்டு மூடி ஆத்தும் இல்லையா? இந்தக் கட்டியையும் காயம்னு நினைச்சுக்கிச்சு. அதைத்தான் ஆத்தப் பாக்குது. இன்னும் பாத்துக்கிட்டே இருக்குது."

பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தெருவே கூடி அழுதபோதும் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "பாவம்" என்றாள். தன்னைச் சொல்லவில்லை, அந்தச் சதையைச் சொன்னாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆபரேஷனுக்கு எந்த நாள் வரவேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று காலையில் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். வீட்டில் கேஸ் அடுப்பை மூடினேனா என்று கேட்கத்தான் என்று நினைத்துக் குனிந்தேன். இடது மார்பின்மேல் கையை வைத்திருந்தாள்.

"சுத்தி இருக்கிற சதையை எல்லாம் எடுத்துடட்டும். ஆனா அது மேல தப்பு இல்ல. பாத்து எடுக்கச் சொல்லுங்க."