உரிமத்தில் இரண்டு பெயர்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தக் கதையில் நான் நல்லவன் போலத் தெரிந்துவிடுவேன்.

மன்னவனூரில் உருளைக்கிழங்கு போடும் நண்பனும் நானும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினோம். வயலில் நட்ட கருவி குளிரை அளக்கும். உறைபனி விழும் என்றால் சாயங்காலமே விவசாயியின் போனுக்குச் சொல்லிவிடும். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எங்கள் இருவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது. அதுதான் நாங்கள் வைத்த உரிமம்.

அவன் ஊரில் சிக்னல் வந்தால் உண்டு. அதனால் சனிக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் அட்டுவம்பட்டிக்கு, என் அறைக்கு வருவான். பென் டிரைவோடு ஒரு பை கேரட்டும் வரும். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துச் சரி சொன்ன பிறகுதான் சேர்ப்போம். என் பிழைகளைக் கண்டு அவன் சிரிப்பதற்காகவே சிலவற்றை விட்டுவைத்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தேன். ஒரு கம்பெனி எங்கள் மென்பொருளுக்கு வேறு பெயர் சூட்டி, எங்கள் பெயர்களை ஏதோ ஒரு மூலையில் விட்டுவைத்து, மாதச் சந்தாவுக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அவனுக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. சனிக்கிழமை வரை பொறுத்திருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எங்கள் அனுமதி இல்லாமல் யாரும் விற்கக் கூடாது என்று அன்றைக்கே உரிமத்தை மாற்றி வெளியிட்டேன். கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய உரிமத்தில் எடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது.

சனிக்கிழமை வந்தவன் உட்காரவில்லை. சிக்னல் வந்த நேரத்தில் புது உரிமத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

“ஏலே, கம்பெனிக்காரன் வித்தா வித்துட்டுப் போறான். அதுல பாதி நான் எழுதுனது. என்ட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“லைன் கெடைக்கலடா.”

“சனிக்கெழம வெள்ளனே வந்துருவேன்னு ஒனக்குத் தெரியாதா?”

பழைய உரிமத்தோடு இருந்த பிரதியைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டான். கேரட் பை மேசைமேல் கிடந்தது. மறுநாளே உரிமத்தைப் பழையபடி மாற்றிவிட்டுச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

இப்போது அவன் தனியாக அதை வளர்க்கிறான். பக்கத்து ஊர் கூக்கால் வரை அவன் பிரதிதான் ஓடுகிறது. சனிக்கிழமை பஸ் சத்தம் கேட்டால் இன்னமும் இரண்டு பேருக்குக் காப்பி போடுகிறேன். அவன் இல்லாமல் எனக்கு எழுதவே பிடிக்கவில்லை. மன்னவனூருக்கு பஸ் இல்லாமல் இல்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது?

நேற்று அவன் பிரதியைத் திறந்து பார்த்தேன். மேலே அவன் பெயர், பக்கத்திலேயே என் பெயர். உரிமத்துக்காக விட்டுவைத்தானா, எனக்காகவா? அன்று அவனிடம் கேட்காத அந்த ஒரு வார்த்தையை இப்போது நான் போய்க் கேட்க வேண்டும்.