வேண்டுதலுக்கு வளர்த்த புகையிலை

என் வீட்டுக்காரர் கத்தரி போடப்போவதாகச் சொல்லித்தான் கொல்லையைக் கொத்தினார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு துளசிச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாத மனுஷன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று டிரைவர்களோடு கத்தியே பொழுது போகும். அப்படிப்பட்டவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாம்பலோடு எதையோ கலந்து பாத்தியில் தூவினால் எனக்கு மூக்கில் வியர்க்காதா? கத்தரி விதை எனக்குத் தெரியாதா என்ன? இவர் உள்ளங்கையில் இருந்தது மூக்குப்பொடி மாதிரி ஒரு தூள்.

"இன்னாங்க அது?"

"அதான் சொன்னேனே, கத்திரி."

"கத்திரிக்கு இன்னாத்துக்கு சாம்பலு?"

"எறும்பு தூக்கிக்கினு போவாம இருக்கணும் இல்ல?"

பதில் சரியாகத்தான் இருந்தது. அவர் பதில் எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எனக்குப் பிடிக்காது.

அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. முன்னறையில் தையல் மெஷின் போட்டு நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இவரை விட்டால் எனக்கு யாரும் இல்லை, என்னை விட்டால் இவருக்கும் இல்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் இவர் இருமி இருமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி என்னையும் உள்ளே கூப்பிட்டார். "இனிமே சுருட்டத் தொட்டாருன்னா என்கிட்ட கூட்டிக்கினு வராதீங்கம்மா" என்றார். வீட்டில் கிடந்த சுருட்டை எல்லாம் அன்றே அடுப்பில் போட்டேன்.

கத்தரி வளர்ந்தது. இலை முறத்தளவு விரிந்தது. தொட்டால் விரலில் பிசின் ஒட்டியது. ஒன்றைக் கிள்ளி முகர்ந்தேன். அவர் சட்டையின் பழைய வாசனை அப்படியே ஏறியது. அந்த இலையைக் கொண்டுபோய் அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கத்திரி எலயில கொழம்பு வெக்கட்டுமா?"

முழித்தார் பாருங்கள் ஒரு முழி. பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது எனக்கில்ல மே, முனிக்கு" என்றார்.

முனி என்றால் அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையிலிருந்து வயலுக்கு இறங்கும் வண்டித்தடத்தில், வேப்பமரத்தடியில் இருக்கும் முனீஸ்வரன். இவர்கள் குலதெய்வம். சிமெண்ட் சிலை. முறுக்கின மீசை, உருட்டின கண், சுருட்டு செருகுவதற்காகப் பல்லுக்கு நடுவே விட்ட ஓட்டை. வேலூரில் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் நிற்கவில்லை. இவரிடம் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்களாம். அந்த வராண்டாவில் நின்றே வேண்டிக்கொண்டாராம். இவள் பிழைத்து எழுந்தால், இவள் உயிரோடு இருக்கிறவரைக்கும், அமாவாசைக்கு அமாவாசை, என் கையால் வளர்த்த புகையிலையை என் கையாலேயே சுருட்டி உன் வாயில் வைக்கிறேன் என்று.

"ஆபரேசன் ஆயி எத்தினி வருசம் ஆச்சு? இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"மறந்துட்டேன். அதான் இருமலக் குடுத்து ஞாபகப்படுத்துறாரு."

"சுருட்டால வந்த இருமலுக்குச் சுருட்டே வைத்தியமா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"சத்தியமா மே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வாயை அடைக்க என் உயிரையே எடுத்து நீட்டுகிறாரே! வேறு எந்த சாக்குச் சொல்லியிருந்தாலும் அந்தச் செடிகளை அப்போதே பிடுங்கி எறிந்திருப்பேன். பொய் என்று பிடுங்கிவிட்டு, அது நிஜமாக இருந்து தொலைத்தால்? செத்துப்போக எனக்கு ஆசையில்லை. அதனால் செடி இருந்தது. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து நான் கண்ணை மூடவில்லை.

செடி பூக்கப் பார்த்தால் நுனியைக் கிள்ளினார். பக்கத்தில் துளிர்த்ததையும் கிள்ளினார். இலை தடித்ததும் ஒடித்துக் கட்டி, வீட்டுக்குள் கொடி கட்டித் தொங்கவிட்டார். காய்ந்ததை வெல்லத் தண்ணீர் தெளித்துக் கோணியில் மூட்டம் போட்டார். வீடே சுருட்டுப் பெட்டி ஆகிவிட்டது. தைக்கக் கொடுத்த ஒரு பெண் ஜாக்கெட்டை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இன்னாக்கா இது, நான் சுருட்டு குடிக்கிறேன்னு எங்க மாமியார் சொல்றாங்க" என்று சண்டைக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேறு சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஆசிரமத்தாண்ட இருக்கிற வெள்ளக்காரங்களுக்கு விக்கிற செடியாக்கா? போலீஸ் கீலீஸ் வந்துறப் போவுது" என்றாள். "முனிக்கு" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நானாக இருந்தாலும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

சுருட்டுகிற அன்று என் பழைய வெட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு உட்காருவார். இலையின் நடு நரம்பைக் கிழித்து எடுத்து, உதிரியை உள்ளே வைத்து, நல்ல இலையை மேலே சுற்றிக் கஞ்சி தடவி, என் நூல்கண்டிலிருந்தே நூல் எடுத்துக் கட்டுவார். முனிக்கு வேண்டியது ஒன்று. இவர் சுருட்டுவது ஒரு கொத்து.

"மத்ததெல்லாம் எந்த சாமிக்கு?"

"எல்லாம் சரியா வராது மே. அதுல நல்லதா ஒண்ணு எடுக்கணும்."

எடுத்த ஒன்றைக் கொடுத்துவிட்டு மீதியை மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினேன். சாவி என் தாலிக் கயிற்றில்.

அப்படியும் அமாவாசை தோறும் ஏலக்காய் மென்றுகொண்டுதான் திரும்பி வந்தார். ஏலக்காய் மெல்லுகிற ஆளா இவர்? ஒருமுறை துவைக்க எடுத்த டெரிலின் சட்டையில் மார்புப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை. எலி கடித்ததென்றால் பிசிர் நிற்கும். இது விளிம்பு உருகிக் கெட்டியாகி இருந்தது. "ஊதுபத்தி பட்டுருக்கும்" என்றார். "ஊதுபத்திய மாரோட அணைச்சுக்கினா கும்புடுவீங்க?" என்று கேட்டேன். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

அடுத்த அமாவாசைக்கு அவர் சைக்கிளில் கிளம்பியதும் நான் ஷேர் ஆட்டோ பிடித்தேன். மாலை வெயில் இன்னும் இறங்கவில்லை. வண்டித்தடத்து வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கற்பூரம் ஏற்றினார், தேங்காய் உடைத்தார். பிறகு சுருட்டை எடுத்துத் தன் வாயில் வைத்துத் தீக்குச்சி கிழித்தார். இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். கண் சொருகிப்போய்விட்டது. அப்புறம் முனி வாயில் செருகினார். சிமெண்ட் முனியா இழுக்கும்? அணைந்தது. எடுத்து மறுபடியும் இவர் வாயில். முனி வாயில் இருந்ததைவிட இவர் வாயில் இருந்ததுதான் ஜாஸ்தி.

கையும் களவுமாகப் பிடித்தேன். அப்போதும் பதில் தயாராக இருந்தது.

"பத்த வெச்சுத்தானே குடுக்கணும்? பத்தாத சுருட்ட வெச்சிக்கினு முனி இன்னா பண்ணுவாரு?"

"சரி. வேண்டுதல் யாருக்கு?"

"உனக்குத்தான்."

"அப்ப நான் பத்த வெக்கிறேன்."

"பொம்பளையா? பாக்கிறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"பொம்பள உசுருக்குத்தானே வேண்டுனீங்க? குடுங்க இப்படி."

முதல் இழுப்பில் மலையும் மரமும் சேர்ந்து சுற்றின. இருமல், கண்ணீர், வாந்தி வருகிற மாதிரி ஒரு கசப்பு. புல் அறுத்துக்கொண்டு போன பெண்கள் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு அமாவாசையும் நானே போனேன். புகையை உள்ளே விடாமல் வாயோடு நிறுத்தி ஊதக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பேன். இவர் பக்கத்தில் கைகூப்பி நிற்பார். அந்த வருஷம் டாக்டர் இவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, சத்தம் கம்மி ஆகியிருக்கிறது என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கமே போய் நிற்கிறார். காற்று திரும்பினால் பக்தியும் திரும்புகிறது. கண் மூடியிருக்கிறது, கை கூப்பியிருக்கிறது, மூக்கு மட்டும் விரிந்து விரிந்து சுருங்குகிறது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டே எனக்குப் பழகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் ஒரு அமாவாசை, காற்றே இல்லை. என் வாய்ப் புகை நேரே மேலே போனது. இவர் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் ஊதேன் மே."

இத்தனை நாள் நான் வாய் கசக்க இழுத்தது இதற்குத்தானா? சுருட்டை மண்ணில் போட்டுக் காலால் தேய்த்தேன். இவரிடம் பேசப் பிடிக்கவில்லை. முனியைப் பார்த்தே கத்தினேன்.

"இந்தா பாருய்யா! எனக்குக் குடுத்த உசுர நீயே எடுத்துக்க. இந்த வேண்டுதல் எனக்கு வேணாம். இன்னியோட உனக்குச் சுருட்டும் கெடையாது. இந்த ஆளு மூச்ச மட்டும் விட்டுடு."

சுருட்டு வீணாகிவிட்டதே என்று சொல்லப்போகிறார், என்ன சாக்கு சொல்லப்போகிறார் பார்க்கலாம் என்று திரும்பினேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மண்டியிட்டு மண்ணில் துழாவிச் சுருட்டை எடுத்தார். துண்டால் துடைத்தார். அவசரத்தில் தீப்பெட்டியைத் தலைகீழாகத் திறந்தார், குச்சியெல்லாம் கீழே கொட்டியது.

"கோவத்துல சொல்லிட்டாய்யா. அவளுக்குத் தெரியாது. கணக்குல வெச்சுக்காதய்யா. அவள எடுத்துக்காத" என்று அந்த சிமெண்ட் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அத்தனை வருஷம் அவர் மூக்கையும் வாயையும் சட்டையையும் உளவு பார்த்தவள் நான். இந்த முகத்தைப் பார்த்ததில்லை. வேலூர் வராண்டாவில் நின்ற முகம் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. வேண்டுதல் நிஜம். புகை ஆசையும் நிஜம். நான் சந்தேகப்பட்டது தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

அவர் சுருட்டைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. என்னிடம் நீட்டினார்.

"பத்த வை மே. உன் கால்ல உழறேன். நான் கிட்ட நிக்கல, போயிடறேன்."

வேப்பமரத்தைத் தாண்டி, வைக்கோல் போரையும் தாண்டி நடந்தார். கிரிவலப் பாதை ஓரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இருமுகிறாரா, அழுகிறாரா, அங்கிருந்து தெரியவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. சிந்திக்கிடந்த குச்சிகளைப் பொறுக்கி, சுருட்டைப் பற்றவைத்து முனி வாயில் செருகினேன். அணைந்தபோதெல்லாம் எடுத்து இழுத்து, அடி வரைக்கும் எரியவிட்டேன்.