பஞ்சர் அண்ணாத்தே ரசிகர் மன்றம்

சென்ற ஆண்டு ஜூலை பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸில் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். தொழிற்சாலையில் முதல் ஷிஃப்டுக்குப் போகும் கணவருக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கிளம்புவதற்கு முன் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

கோவில்பதாகையில் என் தம்பி வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா பேசினார். "உன் தம்பி கதவத் தொறக்க மாட்டேங்குதும்மா. உள்ள டிவி மட்டும் ஓடிக்கினு கீது. சீக்கிரம் வா."

நான் போய்ச் சேர்வதற்குள் அக்கம்பக்கத்தார் தாழ்ப்பாளை உடைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். தூக்கத்திலேயே போயிருக்கிறான். வயது நாற்பத்து நான்கு. அந்த அம்மா அவனுடைய மூக்குக் கண்ணாடியையும் போனையும் என் கையில் கொடுத்தார். உடலை எங்கள் குவார்ட்டர்ஸுக்கே கொண்டுவந்தோம். பெங்களூரிலிருந்து என் மகன் வந்து சேரவேண்டும் என்பதால், நான்கு மணிக்கு எடுப்பது என்று முடிவானது.

தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அம்பத்தூரில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனராக இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறு வயதிலிருந்தே சூப்பர் ஹீரோ காமிக்ஸ்தான் அவனுக்கு எல்லாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் காய் நறுக்க நறுக்க, எதிரே உட்கார்ந்து அந்த மாத இஸ்யூவில் வந்த கதைகளை விமர்சனம் செய்வான். நான் ஒரு பக்கமும் படித்ததில்லை. ஆனால் எந்தக் கதாசிரியர் சோம்பேறி, எந்த ஓவியர் கை விரல்களை வரையத் தெரியாமல் புகையைப் போட்டு மறைக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

"இப்ப வர்ற கதைங்கள்ல ஒருத்தனும் ஒழுங்கா சாவறதில்லக்கா" என்பான். "வருஷா வருஷம் ஒரு மகா யுத்தம். அது புரியணும்னா நாப்பது புக்கு வாங்கணும். ஒவ்வொருத்தனுக்கும் வேற வேற உலகத்துல ஒரு ஜெராக்ஸ் காப்பி. போன வருஷம் ஒருத்தனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சானுங்க. இந்த வருஷம் அந்தக் கல்யாணமே நடக்கலன்னு அழிச்சிட்டானுங்க. படிக்கிறவன் இன்னா கேணையா?"

"அவனுக்கு அழிக்கவாவது ஒரு கல்யாணம் நடந்துதே" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பான்.

அவனுக்கு மிகவும் பிடித்த ஹீரோவுக்குப் பெரிய சண்டையெல்லாம் போடத் தெரியாது. உடைந்த எதையும் கையால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், அதுதான் அவருடைய சக்தி. தம்பியும் அவனுடைய காமிக்ஸ் நண்பர்களும் அவருக்கு வைத்திருந்த பெயர் பஞ்சர் அண்ணாத்தே. வாட்ஸப்பில் அந்தப் பெயரிலேயே ரசிகர் மன்றக் குழு ஒன்றும் இருந்தது. அந்த மாதக் கதையில், விரிசல் விட்ட அணையைக் கையால் பிடித்துக்கொண்டு ஊர் காலியாகும்வரை நின்று, கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே அவர் போய்விட்டாராம். இறப்பதற்கு முந்தின ஞாயிறு தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. "நல்லா எழுதிட்டான்க்கா. இதோட வுட்டுடணும், திரும்ப எழுப்பக் கூடாது" என்று மட்டும் சொன்னான்.

பிறகு போனில் ஒரு படம் காட்டினான். அந்த ஹீரோவுக்கு அவன் தயாரித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே கண்ணீர் வடிக்கும் கண், தோற்றம், மறைவு, கீழே மன்றத்தின் பெயர். நம் ஊர்த் தெருமுனைகளில் கட்டுவதைப் போலவே இருந்தது. கதையில் யார் செத்தாலும் இப்படி ஒன்று செய்து குழுவில் போடுவது அவர்கள் வழக்கமாம். "அபசகுனம், எடுத்து உள்ள வை" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்துக்கொண்டான்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

பதினோரு மணிக்கு மேல் அவன் வேலை பார்த்த கடையிலிருந்து பேனர் வந்தது. அவனோடு வேலை பார்த்த பெண் அழுதுகொண்டே அவசரமாகச் செய்தது. கம்ப்யூட்டரில் அவன் கடைசியாகச் செய்துவைத்திருந்த கண்ணீர் அஞ்சலியைத் திறந்து, படத்தையும் பெயரையும் தேதிகளையும் மாற்றியிருக்கிறாள். கீழே இருந்த வரியை மாற்ற மறந்துவிட்டாள். 'ஆழ்ந்த வருத்தத்துடன், பஞ்சர் அண்ணாத்தே ரசிகர் மன்றம், ஆவடி – அம்பத்தூர் – பூந்தமல்லி' என்று பெரிய எழுத்தில் அப்படியே அச்சாகியிருந்தது.

பேனரைக் கட்டிய பிறகுதான் என் கணவரின் அண்ணன் அதைப் படித்தார். "யாரும்மா இந்தப் பஞ்சர் அண்ணாத்தே? டூவீலர் மெக்கானிக் சங்கமா?" என்று கேட்டார். நான் சொன்னதும் முகம் சுளித்தார். "பொண்டாட்டி இல்ல, புள்ள குட்டி இல்ல. பொம்ம பொஸ்தகம் படிச்சிக்கினே காலத்த ஓட்டிட்டான். இப்ப பாரு, இவ்ளோ பேரு வந்து கீறாங்க, எல்லாம் உன் ஊட்டுக்காரருக்காக வந்தவங்க. அவனுக்குன்னு வந்து நிக்க ஒரு ஆளு கீறானா? அந்த வரிய ஒரு வெள்ளப் பேப்பர் போட்டு மறைங்கப்பா, மானம் போவுது."

சுற்றிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். கணவரின் ஷிஃப்ட் நண்பர்கள், பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள், என் பள்ளியிலிருந்து இருவர். தம்பியைத் தெரிந்து, தம்பிக்காக வந்தவர் யாரும் இல்லை. பேனர் கடையில் அன்று ஏதோ கட்சி மாநாட்டு ஆர்டர் என்று அவர்களும் மாலை போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவனை யாருமில்லாதவனைப் போலத் தூக்கிக்கொண்டு போவார்களே என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிந்தது.

அவன் போனை எடுத்தேன். அதற்குப் பூட்டு எதுவும் அவன் வைத்ததில்லை. வாசலுக்குப் போய்ப் பேனரைப் படம் எடுத்து, அந்தக் குழுவில் போட்டேன்.

ஒரு நிமிடத்திற்குள் பதில்கள் வந்து விழுந்தன. குழுவில் தம்பியை எல்லோரும் 'மாமே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாமே, டிசைன் சூப்பரு!"

"பொறந்த வருஷத்த மாத்தி வயசக் கொறச்சிப் போட்டுக்கினியா? மூஞ்சப் பாத்தா தெர்ல?"

"எத்தினி இஸ்யூ கழிச்சித் திரும்பி வருவ?"

"அது வேற உலகத்து மாமே. நம்ம உலகத்து மாமே டீக்கடைல கீறாரு."

ஒவ்வொன்றுக்கும் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். அவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. நான்கு நாள் முன்பு பார்த்த அதே விளக்கு, அதே கண், அதே கடைசி வரி. வேறு எப்படி நினைப்பார்கள்?

"நான் அவனுடைய அக்கா எழுதுகிறேன். இது விளையாட்டு அல்ல. உண்மை" என்று புள்ளி, கால்புள்ளியோடு தட்டி அனுப்பினேன்.

"அக்கா கேரக்டர் என்ட்ரி! வெறித்தனம்!" என்று பதில் வந்தது.

உள்ளே அவன் ஐஸ் பெட்டியில் கிடக்கிறான். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு மைக் படத்தை அழுத்திக்கொண்டு பேசினேன். என்ன பேசவேண்டும் என்று யோசிக்கவில்லை. காலையிலிருந்து போனில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வாசகமே வந்தது.

"தம்பிங்களா, நாலு மணிக்கு எடுக்கறோம்."

குழு அப்படியே நின்றுவிட்டது. யாரோ எழுதுகிறார்கள் என்று மேலே காட்டும், பிறகு அது மறைந்துபோகும். கடைசியில் போன் அடித்தது. ஓர் ஆண் குரல்.

"அக்கா… நெஜமாவா?"

"ஆமாம்பா. ஆவடில எங்க குவார்ட்டர்ஸ்லதான் வச்சிருக்கோம்."

"எடுத்துடாதீங்கக்கா. வந்துகினு கீறோம்."

மூன்றரைக்கு என் மகன் வந்துவிட்டான். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, எல்லாம் முடிந்தது. நான்கு மணி ஆனது. "மணி ஆயிடுச்சி, தூக்குங்கப்பா" என்றார் கணவரின் அண்ணன். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். "யாருக்கும்மா வெய்ட் பண்ற?" என்று கேட்டார். கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே அவர்கள் வருவார்கள் என்று நிச்சயமில்லை. ஒருவர் பெயர்கூடத் தெரியாது.

முதலில் வந்தவர் காக்கி உடுப்போடு இருந்தார். ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ மெக்கானிக். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. பின்னால் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கம்பெனிச் சட்டையோடு இருவர். திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக பைக்கில் வந்து இறங்கினார்கள். எத்தனை இஸ்யூ கழித்து வருவாய் என்று எழுதியவர் அவர்களில் யார் என்று உடனே தெரிந்துவிட்டது. அவர் நேராகப் போய்த் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம எழுதிட்டேன் மாமே, தெரியாம எழுதிட்டேன்" என்று குலுங்கினார்.

"நீங்கள்ளாம் யாருப்பா?" என்று கணவரின் அண்ணன் கேட்டார்.

மெக்கானிக் வாசலில் இருந்த பேனரைத் திரும்பிப் பார்த்தார். "அத்தோ கீழ போட்டு கீதே சார். அந்த மன்றம் நாங்கதான்."

அந்த வரியின் மேல் யாரும் வெள்ளைப் பேப்பர் ஒட்டவில்லை. மன்றத்தார்தான் தூக்கினார்கள். வண்டி தெருமுனையில் தயாராக நின்றபோதும் அதில் ஏற்றாமல், சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றி மாற்றிக் கொண்டுபோனதாக மகன் பிறகு சொன்னான்.

சாயங்காலம் வீட்டைக் கழுவி விட்டு, விளக்கேற்றி வைத்திருந்தேன். சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் வாசலிலேயே கால் கழுவிக்கொண்டு நின்றார்கள். ஏதாவது பேசவேண்டும் என்று, கதையில் அந்த அண்ணாத்தே திரும்பி வந்துவிடுவாரா என்று கேட்டேன்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "வந்துடுவாருக்கா. வராம வுட மாட்டானுங்க. மாமே மட்டும் வேணாம்னு சண்ட போட்டுக்கினே இருப்பாரு. ஒண்ணு சொல்லுவாருக்கா. 'சாவறத மட்டும் ரெண்டு பக்கத்துக்குப் பெருசா வரையறான். ஊட்ல கெடத்தி வச்சத ஒருத்தனாவது வரையறானா? குளிப்பாட்டுனத, தூக்குனத? நம்ம ஊர்ல ஒருத்தன் போயிட்டான்னா மொத கேள்வி இன்னா? எத்தினி மணிக்கு எடுக்கறாங்க? அந்த ஊர்ல ஒருத்தனும் அத்தக் கேக்கல. எடுக்கல, அதான் திரும்பி வந்துடறானுங்க.' அப்படி சொல்லுவாரு. நீங்க வாய்ஸ்ல 'எடுக்கறோம்'னு சொன்னீங்க பாருங்க… அப்பதான்க்கா எங்களுக்கு…"

திருவேற்காட்டுப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் இதை மட்டும் அவன் என்னிடம் சொன்னதில்லை. நாளும் கிழமையுமாக அக்காவிடம் ஏன் சாவைப் பேசவேண்டும் என்று விட்டிருப்பான்.

கிளம்பும்போது ஒருவர் பழக்கதோஷத்தில் "வரோம்க்கா" என்றுவிட்டார். "துக்க ஊட்ல அப்படி சொல்லக் கூடாதுடா, சொல்லாம கெளம்பு" என்று இன்னொருவர் அதட்டினார். "பரவாயில்ல, சொல்லட்டும்" என்றேன்.

இந்தத் தை மாதம் கதையில் அந்த ஹீரோ திரும்பி வந்துவிட்டார். தம்பியின் எண்ணைக் குழுவிலிருந்து எடுக்கவேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் அந்தப் போன் என்னிடம்தான் இருக்கிறது. அன்று யாரும் கொண்டாடவில்லை, போஸ்டர் போடவில்லை. "வந்துட்டாருக்கா" என்று மெக்கானிக் மட்டும் எழுதியிருந்தார். பள்ளி அலுவலகத்தில் அதைப் படித்துவிட்டு, பழைய ஃபைல்கள் வைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு காகித மனிதனைப் பார்த்து அப்படிப் பொறாமைப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது.

அவனை எடுத்த மறுநாள், ஜூலை பதினெட்டாம் தேதி, விடிந்ததும் முதல் வேலையாக வாசல் கேட்டைத் திறந்தேன். அதே காக்கி உடுப்போடு மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். பின்னால் இரண்டு பைக்குகள் வந்துகொண்டிருந்தன. "சுடுகாட்ல பால் தெளிக்கணும்ல, வாங்கிக்கினு வந்தேன்க்கா" என்று பாக்கெட்டை நீட்டினார். அதில் பாதியைத் தம்பிக்காகச் சொம்பில் ஊற்றி வைத்துவிட்டு, மீதியை அடுப்பில் ஏற்றி அவர்களுக்கு டீ போட்டேன். நான் ஒருத்திதான் அவனை இழந்திருக்கிறேன் என்று முந்தின நாள் மதியம்வரை நினைத்திருந்தது எவ்வளவு தவறு என்பது, அந்த டம்ளர்களை வரிசையாக வைத்தபோது புரிந்தது. இன்றும் ஒரு துக்க வீட்டுக்குப் போனால், அழுகிற சொந்தக்காரர்களை விட்டுவிட்டு, வாசலில் பெயர் தெரியாமல் நிற்கிறவர்களிடம்தான் முதலில் போய் நிற்கிறேன்.