மஞ்சள் கரைத்ததும் சிவந்த குழாய்த் தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் மருந்து கலக்கிறார்களாம். குடித்தவன் தூக்கத்தில் வாய் திறந்து, காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தவன் பேரை உளறிவிடுவானாம். கோலா சிலாங்கூருக்கு வடக்கே அந்தத் தோட்டத்து லயங்களில் இதுதான் பேச்சு.

வள்ளியம்மா எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. புருஷன் செத்தபோதுகூட மூக்கருகே விரல் வைத்துப் பார்த்த பிறகே அழுதாள் என்பார்கள். அவசரகாலம் என்று சொல்லி எல்லா டிவிஷன் ஆட்களையும் ஒரே முள்வேலிக்குள் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். கிணறு வேலிக்கு வெளியே போய்விட்டது. உள்ளே இருந்த, தண்ணீர் வடிகட்டும் கிழட்டு மணல் தொட்டி கூட்டம் தாங்காமல் சேறாகக் கக்கியது. தொரை அதைப் புதுப்பித்துக் கட்டினார். கூடவே மூட்டை மூட்டையாக வெள்ளைப் பொடி வந்தது. பேச்சும் வந்தது.

வள்ளியம்மாவிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மருமகன் வீட்டு அரிசி மட்டும் ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று அவளும் கேட்டதில்லை, மகள் கங்காவும் சொன்னதில்லை. இப்போது கங்கா பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். இந்தத் தண்ணீரைக் குடித்து அவள் எதையாவது உளறினால் மருமகன் கதி?

ஆரத்திக்குத் தட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றி மஞ்சளைக் கரைத்தாள். சுண்ணாம்பை எடுப்பதற்கு முன்பே தண்ணீர் சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாடில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். வள்ளியம்மா வாசலில் நின்ற கங்காவுக்கும் பிள்ளைக்கும் தட்டைச் சுற்றிக் கொட்டிவிட்டு, நேரே தண்ணீர்க் கொட்டகைக்குப் போனாள். அங்கே தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் செல்லன் உட்கார்ந்திருந்தான்.

"சுண்ணாம்பாடா கலக்குற?"

"ஆமாக்கா. தொரை ஒரு டின்னுதான் போடச் சொன்னாரு. இம்புட்டு சனத்துக்கு எப்படிப் பத்தும்? நானா ரெண்டாக்கிட்டேன்."

"சுண்ணாம்பு சரி. அதோட வேற என்ன?"

"படிகாரம்லா. வேற என்ன இருக்கு?"

"அப்ப நீ குடி."

குடித்தான்.

"படு."

"வேலை நேரத்துலயா?"

"மடியில கனமில்லேன்னா படு. என்ன உளறுறேன்னு கேக்கணும்."

தொட்டி நிழல், மத்தியான வெயில், வயிறு நிறையத் தண்ணீர். செல்லன் நிஜமாகவே தூங்கிப்போனான். வள்ளியம்மா காதைக் கொண்டுபோய் வைத்தாள். வெகுநேரம் குறட்டைதான். பிறகு உதடு அசைந்தது.

"நவமணி... புளி போதும்டீ."

நவமணி அவன் பெண்சாதி. அதற்குமேல் எந்தப் பேரும் வரவில்லை. வள்ளியம்மா வீட்டுக்குப் போய்க் கங்காவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவள் தலைமாட்டிலேயே பாயை விரித்துக்கொண்டாள். நம்பிக்கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம்.

செல்லனைத்தான் எழுப்ப மறந்துவிட்டாள். வேலையை மேற்பார்க்கச் சுற்றி வந்த மண்டோர் அவன் தூங்குவதைப் பார்த்து, அன்றைக்கு அரைப்பேர் போட்டுவிட்டார். அரைநாள் கூலி போச்சு.

இப்போது செல்லன் தொரை சொன்னபடி சுண்ணாம்பு ஒரு டின்தான் போடுகிறான். ஊரே குடிக்கிறது. வள்ளியம்மா குடத்தோடு வரும்போதெல்லாம் செல்லன் கேட்கிறான்:

"அக்கா, என் அரைப்பேரு?"

"தூங்குனவன் நீ. நானா தாலாட்டுனேன்?"

குடம் நிறைகிறது. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இடுப்பில் வைக்கிறாள்.