பின்னால் வருகிற தங்கச்சி

தங்கச்சி கனடாவுக்குப் போகும்வரை எனக்கு வழி தெரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஞாயிறு காலைகளில் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு சைக்கிள்களையும் காரில் கட்டிக்கொண்டு அவிசாவளைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போவோம். அங்கே தார் இல்லாத செம்மண் பாதைகள். அவள் ஹாண்டிலில் போனைப் பூட்டி, மேப்பைப் பார்த்தபடி முன்னால் சைக்கிள் ஓடுவாள். "அக்கா, இடது!" என்று கத்துவாள். நான் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடுவேன்.

கணவனோடும் குழந்தையோடும் புறப்படுவதற்கு முன் அவள் எனக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கித் தந்தாள். பாதையைப் போனில் போட்டுவிட்டால், திரும்ப வேண்டிய இடத்தில் மணிக்கட்டு அதிரும்.

"நீங்கள் ஓடுற இடம் எனக்கு அங்க தெரியும் அக்கா. தனியாப் போறன் எண்டு நினைக்காதேங்கோ."

முதலில் அப்படித்தான் இருந்தது. என் ஞாயிறு காலை அவளுக்குச் சனி இரவு. தண்ணீர் குடிக்க நின்றால்கூட வாட்ச்சில் எழுத்து ஓடும்: "ஏன் நிக்கிறியள்? டியூப் பஞ்சராப் போட்டுதோ?" மரங்களுக்கு நடுவே தனியாக நின்று சிரிப்பேன். சில நாட்கள் அதற்காகவே காரணமில்லாமல் நின்றேன். பிறகு பிறகு, நின்றாலும் வாட்ச் சும்மாவே இருந்தது.

போன வருடம் ஒரு ஞாயிறு, தோட்டத்துக்குள் வெகுதூரம் போன பிறகு மழை பிடித்தது. பாதை இருக்க வேண்டிய இடத்தில் பழைய மரங்களைத் தறித்து, மண்ணைப் புரட்டி, புதுக் கன்றுகள் நட்டிருந்தார்கள். வாட்ச் விடாமல் அதிர்ந்தது. அதில் ஒரு மெல்லிய கோடும், கோட்டை விட்டு விலகி நிற்கிற நானும்தான். போனை எடுத்தேன். நனைந்த திரை விரலுக்கு அசையவில்லை.

விறகுக்கட்டோடு ஒரு தோட்டத்துப் பெண் இறங்கி வந்தாள். என் வயதிருக்கும். என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

"எங்கம்மா போவணும்? ஒத்தையிலயா வந்தீங்க?"

ஏன் அப்படிச் சொன்னேனோ, வாயில் வந்துவிட்டது. "இல்லை, தங்கச்சி பின்னால வாறா."

அவள் விறகை இறக்கி வைத்தாள். "அப்ப நிப்போம். பாத மாறிப்போச்சு, அவங்களுக்குத் தெரியாதுல்ல."

தூறலில் இருவரும் நின்றோம். என் கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டையைக் கிள்ளி எறிந்தாள். கையைப் புருவத்தில் வைத்து, நான் வந்த பக்கத்தையே பார்த்தாள். "மெதுவாத்தான் வருவாங்க போல," என்றாள். நானும் பார்த்தேன். கொஞ்ச நேரம், உண்மையாகவே யாரோ வரப்போகிறார்கள் என்பது போலப் பார்த்தேன்.

பிறகு தாங்க முடியவில்லை. "அவ வரமாட்டா. கனடாவில இருக்கிறா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். விறகைத் தூக்கித் தலையில் வைத்தாள். "வாங்க, மழ கூடப்போவுது," என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். ரோட்டுக்கு வந்ததும் கார் நிறுத்திய இடத்தைச் சொன்னேன்; அந்தப் பக்கத்தைக் கைகாட்டிவிட்டுத் தன் லயத்து வீட்டுக்குத் திரும்பினாள். நான் நன்றி சொன்னது மழையில் அவளுக்குக் கேட்டிருக்காது.

காருக்குள் போனைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு மெசேஜும் இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி கோல் எடுத்தாள். "குறை நினைக்காதேங்கோ அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல். நீங்கள் ஓடினதைப் பாக்கேல்ல."

"பரவாயில்லை. இனி ஒவ்வொரு கிழமையும் பாக்க வேண்டாம். எனக்கு இப்ப வழி பழகிட்டுது."

"ஓம் அக்கா, சரி," என்றாள். நான் எதிர்பார்த்ததைவிடச் சட்டென்று. அதிலிருந்த நிம்மதி எனக்குக் கேட்டது. பிறகு பிள்ளைக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கனநேரம் கதைத்தாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.